கதவறைச் சந்திரவதனா

சந்திரவதனாவைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்ல பிள்ளை" என்று முடித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் கலியாணப் பேச்சோடு வருகிறவர்கள். அவர்களுக்கு அது போதும். அதற்குமேல் சொல்ல வெளிக்கிட்டால் 2007 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைச் சொல்லவேண்டிவரும். சொன்னால், சுசிலாவுக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். எனக்குப் பேயிலும் நம்பிக்கை இல்லை, பிசாசிலும் நம்பிக்கை இல்லை. நாங்கள் இருக்கிற லண்டன் நோர்பரியில் பாதிச் சனத்தின் கையில் கட்டியிருக்கும் மந்திரித்த நூலைப் பார்த்துச் சிரித்தே எனக்கு வயது போய்விட்டது. அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் எங்களிடம் வந்தது ஜேர்மனியிலிருந்து. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் அவளுடைய கணவர் காணாமல் போனார். கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அடுத்த வருடம் தமையன் அவளைத் தான் இருந்த டோர்ட்முண்டுக்கு எடுத்துவிட்டான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எட்டு வருடம் உருளைக்கிழங்கு உரித்தாள். ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் லண்டனுக்கு வந்து, எங்கள் வீட்டு மேல் அறைக்குக் குடிவந்தாள். நல்ல வேலை, நல்ல நாடு, அதை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க இருந்த கிழவியளப் பாத்துப் பயந்துபோனன் அக்கா" என்றாள். "சண்டைக்குப் போன புருசன் இண்டைக்கு வருவான் எண்டு கதவைப் பாத்துக்கொண்டே இருப்பினம். அம்பது வருசத்துக்குப் பிறகும். சாப்பாட்டுத் தட்டோட நான் உள்ள போனா, முதல்ல கையைப் பாக்க மாட்டினம், என்ர முகத்தைத்தான் பாப்பினம். பிறகு 'ச்ச, நீயா' எண்ட மாதிரித் திரும்புவினம். இன்னும் கொஞ்சக்காலம் இருந்தா எனக்கும் ஒரு கட்டில் போட்டுவிடுவினம் எண்டு பயம் வந்திட்டுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே இவளுக்கு ஒரு துணை தேடவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். நான் ஒன்றை முடிவெடுத்தால் அதிலிருந்து யாரும் தப்ப முடியாது என்று என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா சொல்வார். அவர் சும்மா சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறார்.

தேடிப் பிடித்தது மகாலிங்கத்தை. மலேசியக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எஞ்சினியர். ரெய்னர்ஸ் லேனில் சொந்த வீடு. மனைவி புற்றுநோயில் போய் ஐந்தாறு வருடம். கோயில் கமிட்டியில் என் கணவருக்குப் பழக்கம். சத்தம்போட்டுப் பேசத் தெரியாத மனிதர். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைக் கண்டு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திருத்தத் தொடங்கிவிட்டார். சந்திரவதனா பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தாள். அந்த வெளிச்சம் குழாயில் விழுந்ததைவிட அவர் முகத்தில் விழுந்ததுதான் அதிகம். நான் இதையெல்லாம் கவனிக்கிற ஆள்.

அவளுக்குப் பிடித்திருந்தது. ரூட்டிங் கடையொன்றில் ஒரு மாம்பழநிறச் சேலை வாங்கினாள். ரெய்னர்ஸ் லேனுக்கு நேரடி ரெயில் உண்டா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். ஆனால் பதில் சொல்லும்படி நெருக்கினால் மட்டும், "பாப்பம் அக்கா" என்பாள். புருசன் திரும்பி வருவார் என்று நம்புகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்போ என்ன தடை? அதற்கும் "பாப்பம் அக்கா"தான். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே வேலைக்கும் போய்க்கொண்டு பேசாமல் இருப்பது லேசான விசயமில்லை.

வேலை தேம்ஸ் கரையில், ஒரு பழைய மாவு ஆலையைத் திருத்திச் செய்த கலைக்கூடத்தில். நான்தான் அவளையும் சேர்த்துவிட்டேன். அறைக்கு ஒரு கதிரை, அந்தக் கதிரையில் ஒரு ஆள். யாராவது படத்தைத் தொடப் போனால் "பிளீஸ் டோன்ட் டச்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். கால் நோகாத வேலை. ஆனால் அந்தக் கோடையில் வைத்த கண்காட்சி மனதை நோகடித்துவிட்டது.

போருக்குப் பிறகு ஜேர்மன்காரர் என்ன வரைந்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதுதான் கண்காட்சி. முதல் அறை என்னுடையது. முதலாம் உலகப் போரில் அகழிக்குள் கிடந்துவிட்டு உயிரோடு வந்தவர்கள் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த சின்னச் சின்னக் கறுப்புப் படங்கள். ஒருவன் சப்பாத்தைக் கழற்றுகிறான், சப்பாத்தோடு காலும் வருகிறது. அவன் அதை ஆச்சரியமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வலியில் கத்தினால்கூடத் தாங்கலாம், அந்த ஆச்சரியமில்லாத முகத்தைத் தாங்க முடியவில்லை. நான் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டேன். அடுத்த அறையில் கை கால் இழந்து வந்தவர்கள் தெருவோரத்தில் இருக்கிறார்கள், நல்ல உடுப்புப் போட்டவர்கள் அவர்களைத் தாண்டிப் போகிறார்கள். அதற்கடுத்த அறை இரண்டாம் போருக்குப் பிறகு எழுதியவர்களுடையது. கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கிய காகிதங்கள். எல்லாம் இரண்டு சொல், மூன்று சொல் வசனங்கள். "ரொட்டி இல்லை. அடுப்பு இருக்கிறது. அம்மா இல்லை." இப்படி.

"இவ்வளவுதானோ எழுதத் தெரியும் இவங்களுக்கு?" என்று சந்திரவதனாவிடம் கேட்டேன்.

"பெரிய சொல்லெல்லாத்தையும் சண்டைக்கே பாவிச்சு முடிச்சுப்போட்டாங்கள் அக்கா" என்றாள். "தாய்நாடு, வீரம், தியாகம் எண்டு. பிறகு மிஞ்சினது ரொட்டியும் அடுப்பும்தான்."

கடைசி அறை அவளுடையது. அந்த அறையில் படம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கதவு மட்டும். குண்டு விழுந்த ஒரு ஜேர்மன் வீட்டின் உண்மையான கதவு, நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பச்சை வண்ணம் உரிந்து, பித்தளைப் பிடி தேய்ந்துபோயிருந்தது. பின்பக்கம், சுவரோரமாக ஒரு கறுப்பு ஒலிப்பெட்டி. அதற்குள்ளிருந்து கைமுட்டியால் தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு பெண்குரல், ஜேர்மனில்: "யார் அது?" ஒரு ஆண்குரல் பதில் சொல்லும்: "இஹ் பின்ஸ்." நான்தான் என்று அர்த்தம். பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல முடியாது. சிலநேரம் கொஞ்சம், சிலநேரம் நீளம். எப்போது தட்டும் என்று தெரியாததால் எந்த நேரமும் காது அந்தப் பக்கமே இருக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அழுதிருக்கின்றன.

கதையைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அதைச் செய்த பெண் கலைஞரின் தகப்பன் கிழக்குப் போர்முனையில் காணாமல் போனவர். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். தாய் யாரென்று கேட்டாள். "நான்தான்" என்று பதில் வந்தது. குரல் பழக்கமில்லாத குரல். ஊரில் களவு மலிந்திருந்த காலம். தாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த அந்தக் கலைஞர் மேல் ஜன்னலால் பார்த்தபோது, தடி ஊன்றிய ஒரு மெலிந்த மனிதன் வீதியால் போய்க்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. அந்த மனிதன் யாரென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது.

"போரால திரும்பி வாறவனுக்கு அங்க ஒரு தனிச் சொல்லே இருக்கு அக்கா" என்று சந்திரவதனா சொன்னாள். "'ஹைம்கேறர்'. வீட்டுக்குத் திரும்பினவன். கதை, நாடகம் எல்லாத்திலயும் அவன் வருவான். வந்து பாத்தா வீட்டில ஆரும் அவனை ஆரெண்டு மட்டுக்கட்ட மாட்டினம். எங்களிட்ட அந்தச் சொல் இல்லை."

"எங்கட ஆக்கள் திரும்பி வந்தாத்தானே சொல் வேணும்" என்று நான் என் வாய்க்கொழுப்பில் சொன்னேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அந்த அறைக்குப் போன பிறகு அவள் மெலிந்துகொண்டே போனாள். வீட்டில், மேல் அறையில் அவள் நடக்கிற சத்தம் கேட்கும். மெல்ல நடந்து கதவடிக்கு வந்து நிற்பாள். நானாகப் போய்த் திறந்தால், கதவுக்கு உள்பக்கம் காதை வைத்தபடி நிற்பாள். வேலையில் அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்போமா என்றேன். வேண்டாம் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் அந்த அறையில் வேலைக்காக மட்டும் இருக்கவில்லை என்று. மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரை மரவாங்கில் இழுத்து இருத்தி, சொல்லாமல் உன்னை விடமாட்டேன் என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்டைக்கும் மத்தியானம்தான் அக்கா. நல்ல வெயில். காலமை அவர் மண்ணெண்ணெய் வாங்கப் போனவர். போன கொஞ்ச நேரத்தில சுற்றிவளைப்பு எண்டு ஊரே அடங்கிப்போச்சு. நான் தனிய. கதவை உள்ளால பூட்டிப்போட்டு, ஆளில்லாத வீடு மாதிரி இருந்தன். உச்சிநேரம், ஒரு காகம்கூடக் கத்தேல்லை. அப்ப ஆரோ தட்டினவை. உள்ளங்கையால தட்டின மாதிரி. மெல்ல."

"நீ என்ன செய்தனீ?"

"கதவுக்குக் கிட்டப்போய் 'ஆர்?' எண்டு கேட்டன். 'நான்' எண்டு பதில் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு. அது அவற்ற குரலோ, வேற ஆற்றயுமோ, எனக்குத் தெரியேல்லை. தமிழ் தெரிஞ்சவங்களை விட்டு 'நான்தான், திறவுங்கோ' எண்டு சொல்லவைச்சுப் பிடிக்கிறாங்கள் எண்டு சனம் கதைச்ச நேரம். பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம் அக்கா. நீங்களோ எண்டு அவற்ற பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா, இன்னும் ஒரு சொல்லுப் பேசியிருப்பார். இன்னும் ஒரு சொல் போதும், நான் குரலைப் பிடிச்சிருப்பன். வாய் வரைக்கும் வந்தது. வெளியில வரேல்லை. புருசன்ர பேரைச் சொல்லிப் பழக்கமில்லையே. 'இஞ்சாருங்கோ' எண்டுதானே கூப்பிடுறது. அந்த நேரத்திலயும், உயிர் போற நேரத்திலயும் எனக்கு வெக்கம் அக்கா."

நான் அவள் கையைப் பிடித்தேன். வெயிலுக்குள் இருந்த கை குளிர்ந்துபோய் இருந்தது.

"கொஞ்ச நேரம் பொறுத்து ஆக்கள் ஓடுற சத்தம். பிறகு ஒண்டுமில்லை. பின்னேரம் திறந்து பாத்தன். வாசல்ல ஒண்டும் இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்தல்கூட இல்லை. அவர் வந்தாரோ வரேல்லையோ எண்டதுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

எத்தனையோ ஆறுதல் சொன்னேன். வேறு யாரோவாக இருந்திருக்கலாம் என்றேன். தலையாட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், அந்த மனிதனின் பெயரை அவள் எனக்கும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் இருந்தும், அவர், அவர் என்றுதான் பேச்சு. நானும் கேட்டதில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமை.

காலையில் ஒலிப்பெட்டியிலிருந்து கருகல் மணம் வருகிறதென்று மின்வேலைக்காரர் வந்தார். வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, "இன்று இயங்காது" என்று ஒரு அட்டையைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். நான் என் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை என்பதால் சனமும் இல்லை. மத்தியானம் சந்திரவதனாவைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் கதிரையில் இருப்பதற்காகப் போனேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இத்தனை நாளும் காதில் தொங்கிக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் அறை வேறு அறைபோல இருந்தது. கூரைக் கண்ணாடியால் வெயில் நேரே இறங்கி, கதவுக்கு நிழலே இல்லை.

"கெதியாப் போ, சூப் முடியப் போகுது" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

பதிவில் இருந்த தட்டு எனக்குப் பாடம். அது கைமுட்டித் தட்டு. இது உள்ளங்கையால் தட்டியது. மெல்ல. மரத்தில் கை படுகிற சத்தம், பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தமில்லை. என் பிடரி மயிர் எழும்பி நின்றது. சந்திரவதனாவைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. இவ்வளவு நாளும் இதற்குத்தானே இருந்தேன் என்பதுபோல நின்றாள்.

"ஆர்?" என்று கேட்டாள்.

ஒரு சொல் வந்தது. தமிழா ஜேர்மனா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. மூச்சு வாங்குகிற ஒரு ஆம்பிளைக் குரல், ஒரேயொரு சொல். அதை நான் கேட்டேன். இன்றைக்கும் சில நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்து, தண்ணீரை நிறுத்திவிட்டு நிற்பேன்.

அவள் அட்டையைத் தள்ளிவிட்டுக் கதவடிக்குப் போனாள். "செல்வரத்தினம்!" என்று கூப்பிட்டாள். முதல் தடவை தொண்டை கிழிந்ததுபோல வந்தது. "செல்வரத்தினமோ? செல்வரத்தினம்! செல்வரத்தினம்!" பித்தளைப் பிடியைத் திருப்பி, இழுத்துத் திறந்துவிட்டாள்.

வெள்ளைச் சுவர். கறுப்புப் பெட்டி. பெட்டிக்கு மேல் சுருட்டிய வயர், வைத்த இடத்திலேயே.

அவள் வாசலை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாள். உள்ளே வருகிற ஆளுக்கு வழிவிடுவதுபோல. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் என்னையறியாமல் ஒதுங்கினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிறகு அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். சத்தமில்லாத அழுகை. நானும் பக்கத்தில் குந்தினேன்.

விசாரணை வந்தது. எங்கள் மனேஜர் நல்ல பெண்மணி, ஏசவில்லை. காட்சிப்பொருளைத் தொட்டதால் சந்திரவதனாவைக் கோட்டு வாங்கி வைக்கிற இடத்துக்கு மாற்றினார். தட்டிய சத்தம் எனக்கும் கேட்டது என்று நான் சொன்னபோது, பழைய கட்டிடம், வெந்நீர்க் குழாய் சூடாகும்போது அப்படித் தட்டும் என்றார். லண்டனில் குழாய் தட்டாத வீடு ஏது, நானும் ஆசையோடு தலையாட்டினேன். வீட்டுக்குப் போகிற ரெயிலில்தான் யோசித்தேன், ஜூன் மாதத்தில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்?

அடுத்த ஞாயிறு மகாலிங்கம் ஒரு பெட்டி மாம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இனியும் அந்த மனிதரை இழுத்தடிப்பது முறையில்லை, இன்றைக்கு ஒரு பதிலைச் சொல்லிவிடு என்று நான்தான் சந்திரவதனாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த மாம்பழநிறச் சேலையை உடுத்துவாள் என்று நினைத்தேன். வீட்டில் போடுகிற சட்டையோடுதான் இறங்கி வந்தாள். முகம் மட்டும் தெளிந்திருந்தது. என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

அவள் மகாலிங்கத்துக்கு முன்னால் இருந்து, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். சுற்றிவளைப்பு, உச்சிநேரம், தட்டியது, திறக்காதது. இந்தத் தடவை அவர், அவர் என்று சொல்லவில்லை. செல்வரத்தினம் என்றே சொன்னாள். கலைக்கூடத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் நல்ல மனுசன், மகாலிங்கண்ணை. உங்களுக்கு ஒளிச்சு வைக்கக்கூடாது எண்டுதான் சொன்னனான்" என்றாள்.

நான் கொண்டுவந்த தேத்தண்ணீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டேன். கலியாணம் பேசி வந்த மனிதரை அண்ணை என்று கூப்பிட்டால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார். மகாலிங்கம் மலேசியக்காரர் என்றாலும் தமிழர்தானே. அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கும் விளங்கிவிட்டது. முகம் சுருங்கி, பிறகு தன்னைச் சரிப்படுத்திக்கொண்டார். எழும்பிப் போகவில்லை. அவளுக்கு ஏதாவது நல்லது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்கம்மா" என்றார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நீங்க கதவைத் திறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? உங்களையும் சேர்த்துக் கொண்டு போயிருப்பாங்க."

"ஓம் அண்ணை" என்றாள் சந்திரவதனா. "ரெண்டு பேராப் போயிருப்பம்."